இன்னும் மூன்று வருஷம் இருக்கிற லாரி

"மூணு வருஷம்தானே இருக்கு, அதுக்குப் போய் யாராவது இன்ஜின் வேலை பாப்பாங்களா?" 2016 கடைசியில் எங்கள் லாரி விஷயமாக என்னிடம் பேசிய எல்லோரும் சுற்றிவளைத்து இதைத்தான் கேட்டார்கள். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் தேங்காய் ஏற்றும்போது கேட்டார்கள், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாழையிலைக் கட்டு இறக்கும்போது கேட்டார்கள், வீட்டில் அம்மாவும் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. 1999-இல் பதிவான லாரி அது. 2009-இல் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்து வருஷத்துக்குப் புதுப்பித்தோம். சரக்கு வண்டிக்குச் சிங்கப்பூரில் மொத்த ஆயுள் 20 வருஷம் என்பதால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் 2019-இல் அதைப் பதிவிலிருந்து எடுத்தாக வேண்டும். அன்றைக்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்லிச் சமாளித்தேன். போன மாதம், இதே நிலையில் ஒரு லாரியை வைத்துக்கொண்டு முழிக்கும் நண்பர் ஒருவர், "நீ அன்னைக்குச் செஞ்சது சரின்னு இப்பவும் நினைக்கிறியா?" என்று கேட்டார். நினைக்கிறேன். ஆனால் ஏன் என்று கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரு வரியில் சொல்ல வரவில்லை. சாவகாசமாக எழுதினால்தான் அது சரியாக வரும்.

வண்டி ஒரு சின்ன இசுசு. நாலு சிலிண்டர் டீசல், கணினி எதுவும் இல்லாத பழைய இன்ஜின். அப்பா அதை எடுத்தது பாசிர் பாஞ்சாங்கிலிருந்து சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குத் தேங்காயும் இலையும் போடத்தான். விசேஷ நாட்களில் கோயில் அன்னதானத்துக்கு அண்டா குண்டா ஏற்றவும் அதுவே ஓடியது. 2016-இல் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை. சுமை ஏற்றி மேட்டில் ஏறினால் இன்னும் கொஞ்சம். பத்து வருஷம் தாண்டிய சரக்கு வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே உருளை மேல் ஓடவிட்டுப் புகையையும் அளப்பார்கள். அதில் தேறாவிட்டால் சாலை வரி கட்ட முடியாது, சாலை வரி இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை. அதனால் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதைச் செய்வது என்பதில்தான் தகராறு.

நாங்கள் முதலில் போன பட்டறையில், ஆயில் மூடியைக் கழற்றி, மேலே வந்த ஆவியைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு பட்டியல் சொன்னார்கள். பிஸ்டன், அது ஓடுகிற சிலிண்டரின் உள்சுவரான லைனர், பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற ரிங், பேரிங், கிராங்க் என்கிற சுழல்தண்டைத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங், ஹெட் வேலை, ஆயில் பம்ப், எல்லாம். இல்லையென்றால் ரீகான், அதாவது யாரோ பழுதுபார்த்து வைத்த பழைய இன்ஜின் ஒன்று தூக்கி வைத்துவிடலாம், சீக்கிரம் முடியும் என்றார்கள். ரீகான் என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இன்ஜின் எண் மாறும், அதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதைக்கூட விடுங்கள். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கிற ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட்கூடப் போடாமல், ஒரு போல்ட்டையும் கழற்றாமல், உள்ளே எது போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? ஆயில் குடிப்பதற்கு லைனர் தேய்ந்ததுதான் காரணம் என்று இல்லை. ரிங் கார்பன் பிடித்து அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டாலும் குடிக்கும், வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கிற வால்வு சீல் இறுகிப் போனாலும் குடிக்கும். மூன்றுக்கும் புகை நீலம்தான். செலவோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

என் மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பி. செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1968-இல் பிரிட்டிஷ் கடற்படைத்தளம் கைமாறி செம்பவாங் ஷிப்யார்ட் ஆனபோது வேலைக்குச் சேர்ந்த தலைமுறை. கப்பல் இன்ஜினில் பிஸ்டனை கிரேன் வைத்துத்தான் வெளியே தூக்க வேண்டும், அதை மாற்றுவதற்கு முன்னால் அளக்காமல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் பட்டியலைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தவர், "சரிப்பா, எல்லாம் சொன்னாங்க. அளந்து பாத்தாங்களா?" என்றார். இல்லை மாமா என்றேன். "அப்ப நாம அளப்போம்" என்று சொல்லிவிட்டு, இன்ஜினை எங்கே வைக்கலாம் என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

கார் போர்ச்

வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடியில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. பொது நடைபாதையில் இன்ஜின் வைக்க முடியாது, கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரிக்கவும் முடியாது. எங்களுடையது பழைய வரிசைத் தரைவீடு, முன்னால் கூரை போட்ட கார் போர்ச். தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் இன்ஜினை இறக்கி, வாடகை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இருநூறு கிலோவுக்கு மேல் கனம். வாடகைக்கு எடுத்த இன்ஜின் கிரேனில் தொங்கவிட்டு, ஸ்டாண்டில் பூட்டி முடிக்கிறவரை எனக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டுச் சீன அங்கிளிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லியிருந்தேன். இரவில் தட்ட மாட்டோம், மண்ணெண்ணெய் வாடை வந்தால் சொல்லுங்கள் என்று. அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பார்க்க உட்கார்ந்தார்.

வீட்டில் இன்ஜின் வேலை என்றால் பலரும் கருவிகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலையாக இருந்தவை கழிவு ஆயிலும் ஈரப்பதமும்தான். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வாசல் வடிகாலில் விழுகிற மழை எங்கோ ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போய், அப்புறம் நம் குழாய்க்கே வருகிறது. அந்த வடிகாலுக்கு அடுத்துத்தான் எங்கள் போர்ச். அதனால் தரை முழுக்கத் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் விளிம்பு உயர்ந்த தகரத் தட்டுகள் வைத்து, கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய ஆயிலையும் கேனில் பிடித்து மூடி, இன்ஜின் இறக்கிய பட்டறைக்கே திருப்பிக் கொடுத்தோம். அவர்களிடம் உரிமம் பெற்ற கழிவு வண்டி வந்து எடுத்துப்போகும். ஈரப்பதம் வேறு மாதிரித் தொல்லை. நாங்கள் தொடங்கிய நேரம் வடகிழக்குப் பருவமழை. சிலிண்டர் சுவரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து அப்படியே விட்டால், மறுநாள் காலையில் அதில் செம்பழுப்பாகத் துரு பூத்திருக்கும். துடைத்த கையோடு எண்ணெய் தடவி பிளாஸ்டிக் பை போட்டு மூடினால்தான் தூங்கப் போகலாம். குளிர்நாட்டு வீடியோக்களில் இதை யாரும் சொல்வதில்லை.

பிரிப்பதற்கு மாமா வைத்த விதி ஒன்றுதான்: எது எங்கிருந்து வந்ததோ அது அங்கேயே திரும்பப் போக வேண்டும். வால்வுகளை இயக்குகிற புஷ் ராடுகள் பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் டப்பெட்டோடும் ராக்கரோடும் உரசி உரசிப் பழகியிருக்கும். இலை வருகிற அட்டைப்பெட்டியில் துளை போட்டு, எண் எழுதி, வரிசையாகக் குத்தி வைத்தோம். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஜோடி, ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தாது. வால்வுகளும் அப்படியே. பழைய பேரிங் சிப்பிகளைக்கூடத் தூக்கிப் போடாமல், எந்த ராடின் மேல்பாதி, எந்த ராடின் கீழ்பாதி என்று எழுதிப் பையில் போட்டார். "இது குப்பை இல்ல. உள்ள என்ன நடந்துச்சுன்னு இதுதான் சொல்லும்" என்றார். சொல்லவும் செய்தது.

அளவுகள்

மைக்ரோமீட்டர் வாங்க சுங்கை ரோடு போனோம். 2017 ஜூலை 10-ஆம் தேதி அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள், அதற்கு முன் நான் அங்கே வாங்கிய கடைசிப் பொருள் அதுதான். தார்ப்பாய் மேல் பழைய கடிகாரங்களுக்கும் ரிமோட்டுகளுக்கும் நடுவில் ஒரு மிட்டுடோயோ, மரப்பெட்டியோடு, கூடவே அதைச் சரிபார்க்கிற அளவுத் தண்டும். மாமா உடனே அங்கேயே தண்டை வைத்துத் திருகிப் பூஜ்ஜியம் பார்த்தார். ஒரு கோடுகூட விலகவில்லை. பேரம் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு நடந்தார். பேரம் பேசாத மாமாவை நான் பார்த்தது அன்றைக்குத்தான். போர் கேஜும் டயல் கேஜும் அவர் வீட்டிலேயே இருந்தன, பட்டறைக் காலத்துப் பழக்கமாக எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி.

ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். லைனர் தேய்ந்தால் எல்லா இடமும் ஒரே மாதிரித் தேயாது. மேல் ரிங் வந்து நின்று திரும்புகிற இடத்தில்தான் அதிகம் தேயும், ஏனென்றால் வெடிப்பின் அழுத்தம் முழுக்க அங்கேதான், ஆயிலும் அங்கேதான் குறைவு. அதிகம் தேய்ந்திருந்தால், அந்த இடத்தில் விரல் நகத்தை வைத்து இழுக்கும்போது ஒரு விளிம்பு தட்டும். எங்கள் இன்ஜினில் லேசாகத்தான் தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால், தொழிற்சாலையில் ஹோனிங் செய்தபோது போட்ட சாய்கோடுகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, நாலு சிலிண்டரிலும் இன்னும் தெரிந்தன. அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். அவை இருக்கிறவரை லைனருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அளவும் அதையே சொன்னது. கையேட்டின் எல்லைக்குள் வசதியாக நின்றது.

அப்படியென்றால் ஆயில் எங்கே போனது? பிஸ்டனை வெளியே எடுத்ததும் தெரிந்துவிட்டது. மூன்றாவது பிஸ்டனில் ஆயில் ரிங் கார்பனில் புதைந்து அசையவே இல்லை. இரண்டாவதில் பாதி ஒட்டியிருந்தது. ரிங் என்பது விரிந்து சுவரோடு ஒட்டி நின்றால்தான் ஆயிலை வழித்துக் கீழே தள்ளும். பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். தேக்காவுக்கும் பாசிர் பாஞ்சாங்குக்கும் நடுவே விட்டுவிட்டு ஓடி, நின்ற இடத்தில் இன்ஜினை அணைக்காமல் விட்டு, ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு ஓட்டுகிற எந்த லாரிக்கும் இது நடக்கும். வால்வு சீல்கள் பிளாஸ்டிக் போல இறுகிப் போயிருந்தன, நகத்தால் கிள்ளினால் நொறுங்கின. காலைப் புகைக்கு அதுதான் காரணம். ராத்திரி முழுக்க ஆயில் வால்வுத் தண்டு வழியே சொட்டி, காலையில் முதல் வெடிப்பில் எரிகிறது.

ஆக, புகைக்குக் காரணம் சில ரிங்குகளும் கைக்குள் அடங்குகிற சில சீல்களும். பிஸ்டன் பள்ளங்களை, உடைந்த பழைய ரிங் துண்டின் முனையால் கார்பன் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ரிங்கை வைத்துப் பக்க இடைவெளி பார்த்தோம். சரியாக இருந்தது. லைனர் பழசே, பிஸ்டன் பழசே, ரிங் மட்டும் புதிது என்று முடிவாயிற்று. வால்வுகளை கிரைண்டிங் பேஸ்ட் போட்டு நாங்களே உட்கார வைத்தோம். உள்ளங்கைகளுக்கு நடுவில் கம்பை வைத்து மத்துக் கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும், பேஸ்ட் வேலை செய்யச் செய்யச் சத்தம் மெலிந்துகொண்டே போகும். துடைத்துப் பார்த்தால் வால்வின் சாய்முகத்தைச் சுற்றி எங்கும் அறுபடாத சாம்பல் நிற வளையம் ஒன்று தெரியும். அது எங்காவது அறுந்திருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கசியும். பக்கத்து வீட்டு அங்கிள் இரண்டு வால்வுகளைத் தானே செய்து பார்க்கிறேன் என்று வாங்கிச் செய்தார். அவர் செய்ததும் நல்ல வளையம்தான்.

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்களை மட்டும் டீசல் பம்ப் கடையில் கொடுத்தோம். நாசில் அழுத்தமும் தெளிப்பும் பார்க்கிற கருவி அங்கேதான் இருக்கிறது. இரண்டு நாசில் பனிபோலத் தெளிக்காமல் சொட்டிக்கொண்டிருந்தன, நாலையும் மாற்றினோம். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

கிராங்க்

நான் இதை எழுதுவதே இந்தப் பகுதிக்காகத்தான். பையில் எழுதி வைத்த பேரிங் சிப்பிகளை வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். பேரிங்கின் முகம் சாதாரணமாக மங்கலான சாம்பல் நிறம். அந்த மேல்பூச்சு தேய்ந்தால் அடியில் இருக்கிற செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். கனெக்டிங் ராடுகளின் மேல்பாதிச் சிப்பிகளில், வெடிப்பின் அடி விழுகிற இடத்தில், செம்பு தெரிய ஆரம்பித்திருந்தது. பேரிங் மாற்ற வேண்டும் என்பதில் கேள்வியே இல்லை. கிராங்கின் கழுத்துகளை, அதாவது பேரிங் உட்காருகிற உருண்டைப் பகுதிகளை, மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் எல்லாம் எல்லைக்குள். மெல்லிய கோடுகள் சில மட்டும், நகம் மாட்டாத அளவுக்கு. கிராங்க் வளைந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று வீட்டில் பார்க்க முடியாது. அதற்காக அதைத் துணியில் சுற்றி ஒரு மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். மாமா அன்றைக்கு வரவில்லை.

வளைவும் இல்லை, விரிசலும் இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். அப்புறம் அந்தக் கடையின் தவுக்கே, அதாவது முதலாளி, இதோடு சேர்த்து 0.25 கிரைண்டிங் போட்டுவிடலாம், தேய்த்த கழுத்துக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் நானே தருகிறேன், நாளைக்கு வந்து எடுத்துக்கொள் என்றார். கிராங்க் எல்லைக்குள்தானே இருக்கிறது என்றேன். புதுப் பேரிங்குக்குப் புது முகம் இருந்தால் நல்லது, எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். என்னிடம் இன்ஜின் கையேட்டின் நகல் இருந்தது. அதில் கிராங்க் பகுதியின் அடியில் ஒரு கட்டத்துக்குள், இந்தக் கிராங்குக்கு டஃப்ட்ரைடு செய்திருக்கிறது, ஆகவே கிரைண்டிங் செய்யக் கூடாது என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படித்தார். தெரியும் என்றார். எத்தனையோ செய்திருக்கிறேன், உன் வண்டிக்கு எத்தனை வருஷம் பாக்கி என்று கேட்டார். மூன்று என்றேன். "மூணு வருஷம் தாராளமா தாங்கும்" என்றார். பொய் சொல்லவில்லை. அநேகமாகத் தாங்கியிருக்கும்.

டஃப்ட்ரைடு என்பது நைட்ரஜனை இரும்பின் தோலுக்குள் ஏற்றுகிற வேலை. சூடான உப்புக் குளியலில் கிராங்கை முக்கி எடுப்பார்கள். மேலே மிகக் கடினமான ஒரு படலம் உருவாகும். கழுத்து சீக்கிரம் தேயாது, அடிமேல் அடி விழுந்தாலும் எளிதில் களைத்து விரிசல் விடாது. அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. 0.25 கிரைண்டிங் என்றால் விட்டத்தில் கால் மில்லிமீட்டர், அதாவது பக்கத்துக்கு 0.125. படலம் அடியோடு போய்விடும். அதற்கும் கீழே கொஞ்ச ஆழம்வரை ஊறியிருக்கும் பலத்தின் பெரும் பங்கும் கூடவே போகும். பார்வைக்குக் கிராங்க் கண்ணாடிபோலப் பளபளக்கும், கையில் எடுத்தால் புதிது என்றே தோன்றும். திரும்ப நைட்ரஜன் ஏற்றாவிட்டால், அது முன்பிருந்ததைவிடப் பலவீனமான கிராங்க்.

அந்தக் கவுண்டரில் நின்றபோதுதான், இத்தனை நாளாக எல்லோரும் கேட்ட கேள்வியில் எது எனக்கு ஒத்துவரவில்லை என்று பிடிபட்டது. மூன்று வருஷம் என்பது சிஓஇயின் கணக்கு. அந்த இரும்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. 20 வருஷம் முடிந்ததும் சிங்கப்பூர் லாரிகள் எல்லாம் பொடியாகி விடுவதில்லை. பதிவை ரத்து செய்த ஒரு மாதத்துக்குள் ஒன்று உடைக்கக் கொடுக்க வேண்டும், இல்லை ஏற்றுமதி செய்ய வேண்டும். ஏற்றுமதி ஆனால் இன்னொரு ஊரில், நம் சாலைகளைவிட மோசமான சாலையில், நம்மைவிடக் காசு குறைவான ஒருவர் அதை வாங்கி ஓட்டுவார். வண்டி உடைபட்டாலும் இன்ஜின் மட்டும் தனியாகப் போய் இன்னொரு வண்டியில் உட்காரும். பட்டறையில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னவர்களும், எதையும் செய்யாதே என்ற சொந்தக்காரர்களும், மூன்று வருஷம் தாங்கினால் போதும் என்ற தவுக்கேவும் எதிரெதிர் ஆட்கள் மாதிரித் தெரிந்தாலும், மூன்று பேருமே இன்ஜினைப் பார்க்காமல் தேதியைப் பார்த்துப் பேசினார்கள். கிரைண்டிங் வேண்டாம், சோதனைக்கான காசை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கிராங்கைத் துணியில் சுற்றி எடுத்து வந்தேன்.

வீட்டில் மாமாவிடம் நடந்ததைச் சொன்னதற்கு அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துகளை எண்ணெயில் நனைத்த மிக நயமான எமரித் துணியால் மெருகு மட்டும் போட்டு, ஆயில் துளைகளைக் கம்பித் தூரிகை விட்டுக் கழுவினோம். ஸ்டாண்டர்ட் அளவில் டைஹோ பேரிங் ஜாலான் புசார் கடையில் கிடைத்தது. அப்புறம் பிளாஸ்டிகேஜ். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த மெழுகு நூல் மாதிரி இருக்கும். கழுத்தையும் பேரிங்கையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, நூலில் ஒரு துண்டை நீளவாக்கில் வைத்து, மூடியைப் போட்டு, டார்க் ரெஞ்ச்சில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். கிராங்கை ஒரு துளிகூடத் திருப்பக் கூடாது. திரும்பக் கழற்றினால் நூல் நசுங்கி ஒரு பட்டையாக ஒட்டியிருக்கும். உறையில் அச்சிட்ட அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் பட்டையின் அகலத்தைப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். பட்டை அகலமாக இருந்தால் இடைவெளி குறைவு, ஒல்லியாக இருந்தால் அதிகம். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். 0.05. அடுத்த கழுத்திலும் 0.05 மில்லிமீட்டரை ஒட்டி. எல்லாவற்றிலும் புது இன்ஜினுக்குச் சொன்ன அளவுக்குள்ளேயே நின்றது. பட்டையின் இரு முனையும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் ஒல்லியுமாக இருந்தால் கழுத்து சாய்வாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு அளவையும் நான் ஒரு நோட்டில் எழுதினேன், தேதி போட்டு.

பூட்டுகிற வேலையில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த வகை டீசலில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக்கின் முகத்தைவிடக் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். எவ்வளவு துருத்துகிறது என்று டயல் கேஜில் அளந்து, அதற்கேற்ற கனத்தில், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கிற ஹெட் கேஸ்கட் வாங்க வேண்டும். கனத்தைக் காட்ட கேஸ்கட்டின் ஓரத்தில் குறி இருக்கும். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுத்து, நாமும் போட்டுவிட்டால், மெல்லிசாக இருந்தால் பிஸ்டன் ஹெட்டில் தட்டும், கனமாக இருந்தால் கம்ப்ரஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், வெள்ளைப் புகை விடும். எங்களுக்கு முன்பிருந்த அதே குறிதான் வந்தது. பிஸ்டனும் ராடும் கிராங்கும் மாறாததால் அது அப்படித்தான் வரும், இருந்தாலும் அளந்தே வாங்கினோம். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்து இழுபட வேண்டும்.

இன்ஜினைத் திரும்ப வண்டியில் ஏற்றி, முதலில் டீசல் போகாமல் நிறுத்தி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினோம். ஆயில் விளக்கு அணைந்தது. அப்புறம் பைப்பில் காற்று எடுத்து, டீசலைத் திறந்து, அப்பாவைச் சாவி போடச் சொன்னோம். பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிகிறவரை புகைந்தது, பிறகு நின்றது. அப்பா இறங்கிப் பின்னால் போய் எக்ஸாஸ்ட் வாயருகே கையை நீட்டி, முகர்ந்து பார்த்து, "டீசல் வாடைதான் வருது" என்றார். ரிங் படிய வேண்டும் என்பதால் முதல் சில வாரம் சும்மா ஐடிலில் விடாமல், அரைச்சுமை ஏற்றி ஓட்டி, ஆயிலைச் சீக்கிரமே ஒருமுறை மாற்றினோம். அடுத்த பரிசோதனையில் புகை தேறியது, அதற்கடுத்தும் தேறியது. மொத்தச் செலவு, பட்டறை சொன்னதில் பாதிக்கும் கீழே. ஆனால் காசு மிச்சமானது எனக்குப் பெரிதில்லை. வாடகை லாரிக்குக் கொடுத்ததையும் எங்கள் உழைப்பையும் சேர்த்தால் அந்தக் கணக்கு அவ்வளவு அழகாக வராது.

போன மாதம் கேட்ட நண்பரின் லாரி 2008-இல் பதிவானது, யூரோ 4 என்கிற புகைக் கட்டுப்பாட்டுத் தரம். இந்த ஊரில் 2006 அக்டோபருக்குப் பிறகு பதிவான டீசல் வண்டிகள் எல்லாம் அந்தத் தரத்திலிருந்துதான் ஆரம்பம். எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் கொடுக்கிற காமன் ரெயில், சென்சார்கள், கணினி. அதன் இன்ஜெக்டரையும் பம்பையும் போர்ச்சில் வைத்துத் தொட வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் அங்கேயும் அதே பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும்தான். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் போடு, அது சரியாக இருந்தால் லைனரைப் பற்றி யாரும் பேச விடாதே, ஆயில் குடித்தால் வால்வு சீலைப் பார், இன்ஜினை இறக்கினால் பழைய பேரிங்கைக் கண்ணால் பார்க்காமல் பட்டறையை விட்டு வராதே, கிராங்கை கிரைண்டிங் கொடுக்கும் முன் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடு என்றேன். எத்தனை வருஷம் பாக்கி என்பதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் லாரி 2019-இல் பதிவிலிருந்து நீங்கியது. ஏற்றுமதிக்கு எடுத்தவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கிராங்க் எந்த சைஸ்ல இருக்கு?" என்று கேட்டார். அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்களாம். ஸ்டாண்டர்ட், கிரைண்டிங் போடவில்லை என்றேன். நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். லைனர் மாற்றியதா என்று அடுத்துக் கேட்டார். இல்லை, லைனர் பழசு, ரிங்கும் பேரிங்கும் 2016-இல் போட்டது என்று சொல்லி, பேரிங் பெட்டியில் இருந்த எண்ணையும் கேஸ்கட்டின் குறியையும் அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.